கண்டெடுக்கப்பட்ட வாப்பா

வளைகுடா நாட்டில் ஜூலை மாதம் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டால் அரை மணித்தியாலத்தில் கருவாடாகிவிடுவார்கள். அதற்காகத்தான் அங்கே மோல் என்ற ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரான கல்முனையில் கடற்கரை, மைதானம், சந்தை, பஸ் தரிப்பிடம், மாமி வீடு என்று ஆளுக்கொரு இடத்தில் சும்மா நடக்கிற காரியங்கள் எல்லாம் அங்கே ஒரே கூரைக்குக் கீழே, குளிரூட்டி, காசுக்கு நடக்கும்.

முஸ்தாக் வேலை செய்கிற நகரத்தில் இருந்த மோலுக்கு ஆனந்த நகரம் என்று பெயர். அங்கே எல்லோருடைய பதவியிலும் மகிழ்ச்சி உண்டு. தரை துடைக்கிறவர் தரை மகிழ்ச்சி உதவியாளர். வாகனத்தைப் பிழையான இடத்தில் நிறுத்தினால் தண்டம் எழுதுகிறவர் தரிப்பிட மகிழ்ச்சி அலுவலர். பொம்மைக் கடைகளைப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் வைத்துவிட்டு, கழிப்பறையை மூன்றாம் மாடியின் கடைசி மூலையில் வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு ஓடுகிற பிள்ளை எல்லாப் பொம்மைக் கடைகளையும் தாண்டித்தான் ஓடவேண்டும். இந்தக் கட்டடப் படத்தைக் கீறினவர் பிள்ளை வளர்த்தவராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வளர்க்கிறவர்கள் மேல் தீராத பகை உள்ளவராக இருக்கவேண்டும்.

முஸ்தாக்கும் படம் கீறுகிறவன்தான். கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில் இருந்து வந்து ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞனாக இருக்கிறான். அவன் விமானம் ஏறியபோது மகள் நுஸ்ஹா கையைப் பிடித்து நடக்கிற வயது. மகன் றிஸ்மி உம்மாவின் வயிற்றில். சம்பளம் உயர்ந்து, குடும்ப விசா கிடைத்து, மனைவி இன்ஷிராவும் பிள்ளைகளும் வந்து சேர்ந்து இப்போதுதான் இரண்டு மாதம். நுஸ்ஹாவுக்கு ஆறு வயது, றிஸ்மிக்கு மூன்று.

றிஸ்மிக்கு வாப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஒரு தலை. பிறந்தது முதல் அந்தத் தலைக்கு முத்தம் கொடுத்திருக்கிறான், பாட்டுப் பாடிக் காட்டியிருக்கிறான், பிஸ்கட் ஊட்டியிருக்கிறான். தூள் அடைத்து ஒரு போன் பழுதாயும் போனது. அந்தத் தலை கைகால்களோடு விமான நிலையத்துக்கு வந்து தூக்கப் போனபோது வீரிட்டு அழுதான். அன்று தொடக்கம் அவனுக்கு முஸ்தாக் மாமா. வீட்டில் சோறு தின்கிற, சோபாவில் படுக்கிற, உம்மாவோடு கதைக்கிற ஒரு மாமா.

பின்னேரம் வேலை விட்டு வந்தால் றிஸ்மி அவனிடமே வந்து கேட்பான்.

“மாமா, வாப்பாக்கு கோல் எடுங்க.”

முஸ்தாக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இன்ஷிராவின் போனுக்கு வீடியோ கோல் எடுப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் மகன் துள்ளுகிற சத்தம் கேட்கும். “வாப்பா, சோறு திண்டீங்களா?” என்று கேட்பான். தின்ற சோற்றை அவன்தான் சற்றுமுன் பார்த்துக்கொண்டிருந்தான். கதைத்து முடித்து வெளியே வந்தால், மாமா இவ்வளவு நேரம் குளியலறையில் என்ன செய்கிறார் என்று முறைப்பான்.

இன்ஷிராவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுதுவிட்டு வந்தவனை வாசலிலேயே மறித்தாள்.

“இஞ்சாருங்க, நானும் வந்தா அவன் என்ட அபாயாக்குள்ள ஒளிச்சிக்கொண்டுதான் நிப்பான். இண்டைக்கு நீங்க தனியக் கூட்டிட்டுப் போங்க. பசிச்சாலும் பயந்தாலும் உங்களைத்தான் பிடிக்கணும். வாப்பா எண்டு கூப்பிட வெச்சித்தான் ஊட்டுக்குக் கூட்டிட்டு வரணும்.”

“கூப்பிடாட்டி?”

“கூப்பிடாட்டி நாளைக்கும் போங்க. கூப்பிடுற வரைக்கும் போங்க.”

இப்படித்தான் முஸ்தாக் இரண்டு பிள்ளைகளோடு தனியே ஆனந்த நகரத்துக்குப் போனான். பின்னேரம் முழுக்க அவன் செய்யாத கோமாளித்தனம் இல்லை. கார் மாதிரி செய்த தள்ளுவண்டியில் றிஸ்மியை ஏற்றி, வாயால் ஹோன் அடித்தான். செயற்கைப் பனியில் சறுக்கி விழுந்து காட்டினான். றிஸ்மி எல்லாவற்றையும் பார்த்தான், சிரிக்கவும் செய்தான். ஆனால் பேச்சு முழுவதும் “மாமா, அது”, “மாமா, இது” என்றே இருந்தது. கடைசியில் களைத்துப்போய் அவன் தோளிலேயே தூங்கிவிட்டான்.

முஸ்தாக் அசையாமல் நின்றான். மகன் விழித்திருக்கும்போது இப்படித் தூக்க விட்டதே இல்லை. கழுத்தில் எச்சில் வழிந்தது. அது அவனுக்கு அத்தர் பூசின மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சட்டைப் பையில் இருந்த வட்டு அதிர்ந்தது. சாப்பாட்டுக் கடையில் கோழிப் புரியாணிக்குச் சொல்லிவிட்டு வந்தபோது கொடுத்த வட்டு அது. சாப்பாடு ஆயத்தமானால் துடிக்கும். போய் எடுக்காவிட்டால் துடித்துக்கொண்டே இருக்கும். தூங்குகிற பிள்ளையோடு சூடான தட்டைத் தூக்க முடியாது. நுஸ்ஹாவிடம் தட்டைக் கொடுத்தால் புரியாணி தரைக்குப் போகும்.

பக்கத்து வாங்கில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். அகலமான, வேலையில்லாத மடி.

இவ்விடத்தில் ஒரு விசயம் சொல்லவேண்டும். கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ்ஸில், பிள்ளையோடு நிற்கிற ஒருவர், இருக்கிற ஒருவரின் மடியில் பிள்ளையை வைத்துவிடுவார். முன்பின் தெரியாத மடிதான். ஊர், பேர், மதம் ஒன்றும் கேட்பதில்லை. வாங்கினவரும் ஏன் என்று கேட்பதில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு யன்னலால் வயலைப் பார்த்தபடி வருவார். இறங்குகிற இடத்தில் பிள்ளையை வாசலாலோ யன்னலாலோ கொடுத்துவிடுவார். இதுவரைக்கும் யாரும் பிள்ளையை மாறிக் கொண்டுபோனதாகக் கேள்விப்படவில்லை. மடி என்பது எங்கள் பக்கத்தில் பொதுச்சொத்து.

முஸ்தாக்கின் கை யோசிக்கவில்லை. “கொஞ்சம் வெச்சிக்கொள்ளுங்க” என்று தமிழிலேயே சொல்லி, றிஸ்மியை அந்த மடியில் வைத்துவிட்டு நுஸ்ஹாவோடு போனான்.

புரியாணியோடு திரும்பி வந்தபோது மடி காலியாக இருந்தது. மடிக்காரர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, காவலாளிகள் இருவருக்கு நடந்ததை விளக்கிக்கொண்டிருந்தார். வானத்தில் இருந்து ஏதோ விழுந்துவிட்டது என்கிற மாதிரி அவர் அடிக்கடி மேலே காட்டினார். றிஸ்மியைக் காணவில்லை.

காவலாளிகள் முஸ்தாக்கையும் நுஸ்ஹாவையும் புரியாணியையும் ஒரு கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் ‘குடும்ப மீளிணைவு மகிழ்ச்சி நிலையம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே, இன்னொரு கண்ணாடிக்கு அப்பால், பந்துகள் நிறைந்த தொட்டியில் றிஸ்மி கழுத்து வரை புதைந்து சிரித்துக்கொண்டிருந்தான். முஸ்தாக்குக்கு உயிர் வந்தது. கண்ணாடியில் தட்டினான். தடித்த கண்ணாடி.

மேசைக்குப் பின்னால் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். நெஞ்சில் ‘வில்பிரட், சிரேஷ்ட மகிழ்ச்சி அலுவலர்’ என்ற பட்டி. முஸ்தாக் மகளிடம் “அழாதீங்க புள்ள, ஒண்டும் இல்ல” என்று சொன்னது கேட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, ஊர் எவடம்?”

“சாய்ந்தமருது.”

“சொன்னனே! நான் கல்முனை. மெதடிஸ்த சேர்ச்சுக்குப் பின்வளவு.”

வெளிநாட்டில் ஊர்க்காரன் கிடைத்தால் பாதிக் காரியம் முடிந்துவிடும் என்பார்கள். மீதிப் பாதியை அந்த ஊர்க்காரன்தான் கெடுப்பான் என்பதை யாரும் சொல்வதில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்! அண்ணன், என்ட மகன் காணாமப் போயிட்டான். அந்தா, உள்ளுக்கு இரிக்கான். எடுத்துத் தாங்க, நாங்க போறம்.”

வில்பிரட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நீங்களும் நம்மட பக்கம், நானும் நம்மட பக்கம். ஆனா இந்தக் கோட்டு நம்மட பக்கம் இல்ல. அந்தச் சொல்லை இஞ்ச கதைக்காதீங்க. ஆனந்த நகரத்துல இண்டைவரைக்கும் ஒரு புள்ளையும் காணாமப் போகல்ல.”

“அப்ப உள்ளுக்கு இரிக்கிறது?”

“அவர் நம்மட விருந்தாளி.”

பிறகு விளக்கினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆனந்த நகரத்துக்கு ஒரு விருது கிடைக்க இருந்தது: ஒரு பிள்ளைகூடத் தொலையாத மோலுக்கான விருது. விருதைக் கொடுக்கிற சங்கத்தின் தலைவரும், அதை வாங்குகிற மோலின் பணிப்பாளரும் ஒரே ஆள்தான். அதனால் தெரிவில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. மேடையில் யாருக்கு யார் கைகொடுப்பது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. இந்த நேரத்தில் ஒரு பிள்ளை தொலைந்தால் வரலாறு மன்னிக்காது.

“புள்ளை தொலையல்ல எண்டா ஆர் தொலைஞ்ச?” என்று வில்பிரட் கேட்டார். “யோசிச்சுப் பாருங்க. புள்ளை வெச்ச இடத்துலதான் இருந்தார். எழும்பிப் போனது நீங்க. அப்ப காணாமப் போன ஆள் நீங்கதான். நாங்க உங்களைக் கண்டெடுத்திருக்கம். சந்தோசப்படுங்க தம்பி.”

முஸ்தாக் சந்தோசப்படுவதற்கு முன்பே ஒரு காவலாளி அவன் மணிக்கட்டில் மஞ்சள் கடதாசிப் பட்டி ஒன்றை ஒட்டினான். கூரையில் இருந்த ஒலிபெருக்கி இனிமையாக அறிவித்தது. அரபியிலும் ஆங்கிலத்திலும் வந்ததை வில்பிரட் தமிழிலும் சொன்னார்.

“நீலச் சட்டை போட்ட, முன்பக்கம் மயிர் கொட்டத் தொடங்கின தகப்பன் ஒருத்தர் கண்டெடுக்கப்பட்டிருக்கிறார். உரிய பிள்ளை வந்து அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.”

“மயிர் கொட்டினதையும் செல்லணுமா அண்ணன்?”

“அடையாளம் தெளிவா இருக்கணும் மனே. போன கிழமை ஒரு தகப்பனை வேற புள்ளை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தது.”

காத்திருக்கும் இடத்தில் ஏற்கனவே ஒரு தகப்பன் மஞ்சள் பட்டியோடு சாய்ந்து கிடந்தார், கையில் கோப்பி. அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைந்து இங்கே வந்துவிடுவாராம். கோப்பி இலவசம், கதிரை மெத்தை, பிள்ளைகள் கண்டுபிடிக்க எப்படியும் நேரமாகும். முஸ்தாக் உட்கார இடம் விட்டு நகர்ந்து, சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

நுஸ்ஹா அதுவரை எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்குப் போய் எட்டி நின்றாள்.

“இவர் எங்கட வாப்பாதான். நான் எடுத்துக்கொள்றன்.”

வில்பிரட்டின் முகம் மலர்ந்தது. “மகள், நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இவர்தானா?”

“ஓம். ஐஸ்கிரீம் கேட்டா நாளைக்கு எண்டு செல்லுவார். மறுகா வாங்கித் தரமாட்டார்.”

“அடையாளம் சரி. தம்பி, மகள் உங்களைப் பொறுப்பெடுத்திட்டார். நீங்க போகலாம்.”

“றிஸ்மி?”

“அவர் உங்களை இன்னும் கேட்கல்லையே.”

“அண்ணன், ரெண்டு பேருக்கும் நான் ஒரே வாப்பாதானே!”

“அது வீட்டுல. இஞ்ச மகளுக்குரிய வாப்பா வேற, மகனுக்குரிய வாப்பா வேற. மகள் தன்ட பங்கை எடுத்திட்டார். மகன்ட பங்கு இன்னும் தொலைஞ்சபடிதான் இருக்கு.”

தன் பங்கில் எந்தப் பாதி விடுதலையானது என்று தெரியாமல் முஸ்தாக் கதிரையிலேயே இருந்தான். வில்பிரட் மேசைக்கு மேலால் குனிந்தார். கோட்டுக்குள் இருந்த கல்முனைக்காரன் ஒரு கணம் எட்டிப் பார்த்தான்.

“தம்பி, ஒண்டு சொல்றன். உங்கட மனிசிக்கு ஒரு கோல் எடுங்க. தாயைக் கண்டா புள்ளை பாஞ்சு வரும். கொஞ்ச நேரத்துல பிரச்சினை தீர்ந்திடும்.”

முஸ்தாக் போனை வெளியே எடுத்தான். இன்ஷிராவின் பெயர் முன்னுக்கு நின்றது. அவள் வந்தால் றிஸ்மி ஓடி வருவான், அதில் சந்தேகம் இல்லை. வந்து அவளுடைய அபாயாவுக்குள் புகுந்துகொள்வான். இந்த மாமா என்னை வெள்ளைக்காரர் மடியில் விட்டுவிட்டுப் போனார் என்று சொல்வான். அத்தோடு மாமா காலம் முழுக்க மாமாதான். கண்ணாடிக்கு அப்பால் இருக்கிற தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டு போக முடியாத ஒருவன் எந்த வாயால் தன்னை வாப்பா என்று சொல்வது? முஸ்தாக் போனைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

“வேணாம் அண்ணன். அவன்டயே கேளுங்க.”

வில்பிரட் உள்ளே போய்ப் பந்துத் தொட்டி ஓரமாகக் குந்தினார். இடைக்கதவைத் திறந்து வைத்திருந்ததால் கதைப்பது கேட்டது. முஸ்தாக்கைக் கண்ணாடிக்கு நேரே நிறுத்தியிருந்தார்கள், வெளிச்சம் முகத்தில் படும்படியாக.

“மனே, அந்தா நிக்கிறவர் ஆரு?”

றிஸ்மி பார்த்தான். முஸ்தாக் இருந்த பற்கள் எல்லாவற்றையும் காட்டிச் சிரித்தான்.

“மாமா” என்றான் றிஸ்மி.

“அப்ப வாப்பா எங்க?”

“போனுக்குள்ள.”

வில்பிரட் தன் போனை றிஸ்மியிடம் நீட்டி, அதன் இலக்கத்தை முஸ்தாக்குக்குக் கேட்கும்படி சொன்னார். வேறு வழியில்லை. முஸ்தாக் மகனின் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று அந்த இலக்கத்துக்கு வீடியோ கோல் எடுத்தான். பந்துகள் நாலா பக்கமும் தெறித்தன.

“வாப்பா! இஞ்ச பந்து இரிக்கு வாப்பா! கொள்ளப் பந்து!”

“மாஷா அல்லாஹ், மகன்! விளையாடுறீங்களா?”

“ஓம். வாப்பா, இஞ்ச ஒரு மாமா இரிக்காரு. அவரு என்னை உட்டுட்டுப் போயிட்டாரு.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவன் விட்டால் அழுதிருப்பான். ஆனால் போனுக்குள் இருக்கிறவன் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டியவன். ஆகவே சிரித்தான். “மாமா இனி உடமாட்டார் மகன்” என்றான். கோலை நிறுத்திய பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் மகிழ்ச்சிப் பணிப்பாளர் உள்ளே வந்தார். மேடைக்குப் போகிற வழி. பளபளக்கிற காலணி, அதைவிடப் பளபளக்கிற தலை. வில்பிரட் எழுந்து நின்று நடந்ததை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். பணிப்பாளர் கேட்டுவிட்டுத் தீர்ப்புக் கொடுத்தார். வில்பிரட் அதைத் தமிழாக்கினார்.

“புள்ளை தகப்பனைச் சரியா அடையாளம் காட்டியிருக்கு எண்டு சேர் சொல்றார். தகப்பன் ஒரு கைப்பேசி.”

“அண்ணன்!”

“பொறுங்க. அந்தக் கைப்பேசி நம்மட மோல்ல வாங்கினதா எண்டு கேட்கிறார்.”

“இல்ல. என்ட போன் கல்முனையில வாங்கின.”

வில்பிரட் சொன்னார். பணிப்பாளர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

“வெளியில வாங்கின வாப்பாவுக்கு நாங்க உத்தரவாதம் குடுக்கிறல்லையாம்.”

பணிப்பாளர் றிஸ்மியைப் பார்த்தார். சந்தோசமாக இருக்கிறான், அழவில்லை, பக்கத்தில் இதை வாங்கு அதை வாங்காதே என்று கத்துகிற பெற்றோரும் இல்லை. இப்படி ஒரு பிள்ளையை அவர் தன் சேவைக்காலத்திலேயே கண்டதில்லை. மேடையில் தனக்குப் பூச்செண்டு கொடுக்க இவனே தகுந்தவன் என்று முடிவெடுத்தார். கண்டெடுக்கப்பட்ட தகப்பனையும் கூட்டத்தின் முன் வரிசையில் நிறுத்தும்படி சொன்னார். மோலின் சேவைக்கு அது ஓர் அத்தாட்சியாக இருக்குமாம்.

மேடை நடு மண்டபத்தில், நீரூற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. முஸ்தாக் மஞ்சள் பட்டியோடும் நுஸ்ஹாவோடும் ஆறிப்போன புரியாணியோடும் நின்றான். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். வில்பிரட் முஸ்தாக்கின் காதருகே நின்று, பெருமை தாங்காமல் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார்.

“ஒரு காலத்தில் பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள். மணலில், தண்ணீரில், மரத்தில். இலவசமாக! அந்த இருண்ட காலத்தை நாங்கள் முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.”

கைதட்டல்.

“பிள்ளைகள் அழக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. அழுகிற பிள்ளையின் பெற்றோர்தான் அதிகம் வாங்குகிறார்கள். பிள்ளை தாராளமாக அழட்டும். ஆனால் எங்கள் கடைகளுக்கு முன்னால் அழட்டும். வீட்டுக்குள் வீணாகச் சிந்தப்படும் ஒவ்வொரு துளிக் கண்ணீரும் நாட்டின் பொருளாதாரத்துக்கு நட்டம்.”

பெருத்த கைதட்டல். பெற்றோர்களும் தட்டினார்கள். பாதிப் பேரின் கைகளில் பைகள் இருந்ததால் சத்தம் சரசரவென்று வந்தது.

“குடும்பங்களைப் பிரிந்து இங்கே உழைக்கிற தகப்பன்மாரை நாங்கள் மறக்கவில்லை. பிரிந்திருக்கும்போது அவர்கள் ஊருக்கு அனுப்பப் பொருட்கள் வாங்குகிறார்கள். குடும்பம் வந்து சேர்ந்ததும், பிரிந்திருந்த குற்ற உணர்ச்சியில் இன்னும் கூடுதலாக வாங்குகிறார்கள். பிரிவிலும் இணைவிலும் ஆனந்த நகரம் அவர்களோடு இருக்கிறது.”

“எவ்வளவு உருக்கமாக் கதைக்கிறார் பார்த்தீங்களா?” என்று வில்பிரட் மூக்கை உறிஞ்சினார். பிறகு போய் றிஸ்மியைக் கையில் பிடித்து மேடைக்கு ஏற்றினார். றிஸ்மி பூச்செண்டோடு ஒழுங்காக நடந்தான். ஒரு கணம் முஸ்தாக்குக்கே பெருமையாக இருந்தது.

அப்போது இசை முழங்கியது. மேடையின் பின்திரை விலகி, மோலின் சின்னமான செல்லப் பிராணி வெளியே துள்ளி வந்தது. அது பிராணியே அல்ல. ஒரு பேரீச்சம்பழம். ஆளுயரத்துக்கும் மேலே, மண்ணிறமாக, சுருக்கம் சுருக்கமாக, கைகாலும் பெரிய கண்ணும் வாய் நிறையப் பல்லும் வைத்த பேரீச்சம்பழம். பிள்ளைகளை மகிழ்விப்பதற்காக வெளிநாட்டு நிபுணர்கள் வரைந்த உருவமாம். எங்கள் ஊர் வயல் வெருளிகூட அதைக் கண்டால் குடத் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியிருக்கும். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அது றிஸ்மியைக் கட்டியணைக்க வந்தது.

றிஸ்மி போட்ட கூச்சல் மூன்றாம் மாடிக் கழிப்பறை வரைக்கும் கேட்டிருக்கும். பூச்செண்டு பணிப்பாளரின் முகத்தில் பட்டு விழுந்தது. அவன் மேடையில் இருந்து குதித்தான், வில்பிரட்டின் கால்களுக்கிடையே நுழைந்தான், நேரே முஸ்தாக்கிடம் வந்தான். தூக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தென்னை ஏறுகிற மாதிரி ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“வாப்பா! வாப்பா! என்னைத் தூக்குங்க வாப்பா! அந்தா வருது வாப்பா!”

முஸ்தாக் புரியாணியைக் கீழே போட்டான். இரண்டு கைகளாலும் மகனை இறுக்கிக்கொண்டான். “வாப்பா இரிக்கன் மகன், வாப்பா இரிக்கன்” என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

பேரீச்சம்பழம் மேடை ஓரத்தில் தயங்கி நின்றது. அதன் பற்களுக்குள் இருந்து, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற எங்கள் பக்கத்துக் குரல் ஒன்று வந்தது.

“அல்லாஹ்வே, புள்ள வெருண்டுட்டானே! மன்னிச்சிக்கங்க காக்கா. என்னத்தச் செய்ற, ஓடி வந்து கட்டிப்பிடிக்கச் செல்லித்தான் கட்டளை.”

முஸ்தாக் அழுதபடியே கேட்டான். “தம்பி, ஊரு?”

“பாலமுனை காக்கா. பேரு அர்ஷாத்.”

பணிப்பாளர் பூவிதழைத் தட்டிவிட்டு ஒலிவாங்கியைத் திரும்பப் பிடித்திருந்தார். இன்னொரு குடும்பம் ஆனந்த நகரத்தால் ஒன்று சேர்க்கப்பட்டது என்று அறிவித்தார். படம் பிடித்தார்கள். படத்துக்காக விருதை முஸ்தாக்கின் கக்கத்தில் செருகி, படம் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டார்கள். வில்பிரட் வந்து மணிக்கட்டுப் பட்டியைக் கத்தரித்தார்.

“தம்பி, மகனும் தன்ட பங்கை எடுத்திட்டார். இனி நீங்க முழுசாக் கிடைச்சிட்டீங்க. அடுத்த வெள்ளியும் வாங்க.”

முஸ்தாக் வாசலை நோக்கி நடந்தான். இன்ஷிராவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டே நடந்தான். நுஸ்ஹா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, விழுந்த புரியாணிக்குப் பதிலாக ஐஸ்கிரீம் கிடைக்குமா என்று விசாரித்தபடி வந்தாள். கிடைக்கும் என்றான். அவள் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்டெடுத்தது சரியான ஆளைத்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

கண்ணாடிக் கதவுகள் நெருங்கின. இசை தூரத்துக்குப் போய்விட்டது. கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் மெல்ல மெல்ல இளகின. றிஸ்மி தலையைத் தூக்கிப் பின்னால் பார்த்தான், முன்னால் பார்த்தான். மூக்கைத் துடைத்தான். பிறகு முஸ்தாக்கின் முகத்தைப் பார்த்தான்.

“மாமா, இறக்கி உடுங்க.”

முஸ்தாக் கதவுக்கு முன்னால் நின்றான். தானாகத் திறக்கிற கதவு அவனுக்காகத் திறந்து, கொஞ்சம் காத்திருந்து, மூடிக்கொண்டது. வெளிச் சூடு முகத்தில் அடித்துவிட்டுப் போனது. அவன் திரும்பினான்.

“எங்க போறம் வாப்பா?” என்று நுஸ்ஹா கேட்டாள்.

“பேசாம வாங்க.”

பேரீச்சம்பழம் நீரூற்றுச் சுவரில் சாய்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. முஸ்தாக் றிஸ்மியின் முகத்தைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்தபடி அதன் பற்களுக்குக் கிட்டே குனிந்தான்.

“தம்பி அர்ஷாத்.”

“என்ன காக்கா, எதையும் உட்டுட்டுப் போயிட்டீங்களா?”

“இல்ல. இன்னொருக்கா வெருட்டுங்க.”

பேரீச்சம்பழம் றிஸ்மியின் முதுகைக் குனிந்து பார்த்தது.

“புள்ள பாவம் காக்கா.”

“நானும் பாவம்தான் தம்பி.”

பேரீச்சம்பழம் யோசித்தது. பிறகு சுவரை விட்டு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, ஓர் அடி முன்னால் வந்தது. முஸ்தாக் மகனின் தலையைப் பிடித்திருந்த கையை எடுத்தான்.

“வாப்பா!”